ஆகாயகங்கையின் நீர்வரத்து

மார்கழி மாதத்து முன்னிரவில் கீழ்வானத்தை நோக்கி நிற்பவர் திருவாதிரை நட்சத்திரத்தின் செந்நிறத்தைக் காணாதிருக்க முடியாது. அதற்குச் சற்றுத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கும் கீழே, வெறுங்கண்ணுக்கு மங்கிய புகையெனத் தென்படும் சிறு பகுதி ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 1300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்தப் புகைதான் ஓரியன் நெபுலா. பிறந்து பத்து லட்சம், இருபது லட்சம் ஆண்டுகளே ஆன நட்சத்திரங்கள் அதனுள் ஆயிரக்கணக்கில் ஒளிர்கின்றன. இன்னும் பிறவாத பல, குளிர்ந்த வாயுவின் உள்ளே சுருங்கித் திரண்டுகொண்டிருக்கின்றன. 460 கோடி ஆண்டு வயதுடைய நம் சூரியன் உதிப்பதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய சிருஷ்டி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் ஓயவில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சியம் வேண்டியதில்லை.

ஆயினும், இந்தச் சிருஷ்டி ஏன் இன்னும் ஓயவில்லை என்று ஒருவர் கேட்பாராயின், அந்தக் கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆகாயகங்கை எனப்படும் நம்முடைய பால்வீதி மண்டலம் ஆண்டொன்றுக்குச் சூரியனுடைய எடையில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரையுள்ள வாயுவைச் செலவிட்டுப் புதிய நட்சத்திரங்களை ஆக்குகிறது என்பது பல வழிகளிலும் சரிபார்க்கப்பட்ட கணக்கு. நட்சத்திரமாவதற்குத் தகுதி பெற்றுக் குளிர்ந்து அடர்ந்திருக்கும் மூலக்கூறு வாயு இம்மண்டலத்தின் தட்டையான சுழல்வட்டமாகிய தட்டில் சுமார் 100 கோடி சூரியன்களின் எடையளவே உள்ளது. அதனுடன் பரந்து கிடக்கும் அணு ஹைட்ரஜன் முழுவதையும் கூட்டினாலும் கையிருப்பு சில நூறு கோடிச் சூரியன்களைத் தாண்டுவதில்லை. இன்றைய வேகத்தில் இது சில நூறு கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோக வேண்டியது. மண்டலத்தின் வயதோ 1000 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கடந்த காலத்தில் செலவு இன்றைவிட அதிகமாக இருந்ததேயன்றிக் குறைவாக இருந்ததில்லை. மதகைத் திறந்துவிட்டுப் பல போகம் பாசனம் நடந்த பிறகும் ஓர் ஏரியில் நீர்மட்டம் பெரிதும் தாழாமல் நிற்குமானால், எங்கோ ஒரு வரத்து வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் ஊரார் நிச்சயம் செய்வார்கள். வானநூலாரும் அவ்வாறே நிச்சயித்தார்கள். அந்த வாய்க்காலைத் தேடிக் கண்டதும், அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தருகிறது என்று அளந்ததும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு தேடல். இந்நூற்றாண்டிலும் அது முற்றுப்பெறவில்லை.

வாயுவின் அளவைக் கொண்டு மட்டும் இந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. நட்சத்திரங்களே இன்னொரு சாட்சியைச் சொல்லின. பிரபஞ்சத்தின் ஆதி வாயு ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர வேறெதுவும் ஏறக்குறைய இல்லாதது. கார்பன், ஆக்ஸிஜன், கந்தகம், இரும்பு முதலிய கனமான மூலகங்கள் யாவும் நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்து, அவை மாயும்போது வெளியே சிதறி, அடுத்த தலைமுறையின் உடலில் சேர்பவை. சூரியனைவிடச் சற்றே எடை குறைந்த நட்சத்திரங்கள் 1000 கோடி ஆண்டுகளுக்கு மேலும் எரியக்கூடியவையாதலால், ஆதியில் பிறந்தவைகூட இன்னும் அணையாமல் நம்மைச் சூழ இருக்கவேண்டும். தொடக்கத்திலேயே முழு வாயுவும் ஒருங்கே சேர்ந்து, பின்னர் வெளியிலிருந்து ஒரு துளியும் வராமல் மண்டலம் வளர்ந்ததென்றால், கனமான மூலகங்கள் மிகக் குறைந்த பழைய நட்சத்திரங்கள் நம் சுற்றுப்புறத்தில் ஏராளமாகக் கிடைக்க வேண்டும். கிடைப்பனவோ மிகச் சிலவே. 1962-இல் சிட்னி வான் டென் பெர்க்கும், 1963-இல் மார்ட்டன் ஷ்மிட்டும் இந்தக் குறையை எடுத்துக்காட்டினர். வாயு ஒரேயடியாக வந்து சேரவில்லை, காலமெல்லாம் சிறிது சிறிதாக வந்துகொண்டே இருந்தது என்று கொண்டால் முரண்பாடு தீர்ந்துவிடும் என்பதை 1972-இல் ரிச்சர்ட் லார்சன் விளக்கினார். கண்ணால் காணாத ஒன்றைக் கணக்கின் பலத்தால் மட்டும் உண்டென்று சொல்லும் இத்தகைய வாதங்களில் ஒரு தனி அழகு உண்டு. ஆனால், இந்த வாதம் எழுந்தபொழுதே, காணாதிருந்த அப்பொருள் மற்றொரு வழியில் காணப்பட்டும் இருந்தது.

அந்த வழி திறந்தது யுத்தகாலத்து ஹாலந்தில். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் கீழ் நாடு பசியாலும் அச்சத்தாலும் வாடிக்கொண்டிருந்த நாட்களில், லெய்டன் நகரத்து வானநூற் பேராசிரியர் யான் ஊர்ட், விண்ணிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்று அமெரிக்காவில் குரோட் ரீபர் என்பவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, அந்த அலைகளுள் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் அணுக்கள் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடுமா என்று ஆராயும்படி ஹென்ட்ரிக் வான் டெ ஹுல்ஸ்ட் என்ற இளைஞரைப் பணித்தார். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானின் சுழற்சித் திசை தலைகீழாக மாறும்போது 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணிய ரேடியோ ஒலிபரப்பு ஒன்று பிறக்கும் என்று 1944-இல் அவர் கண்டு சொன்னார். தனியோர் அணு இவ்வாறு தானே மாறுவதற்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். என்றாலும், விண்வெளியில் அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு அபாரமானதாகையால் அந்த மெல்லிய குரல் நமக்குக் கேட்கிறது. 1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் ஹாரால்ட் யூவனும் எட்வர்ட் பர்செலும் அதை முதலில் கேட்டனர். ஜெர்மானியர் விட்டுச்சென்ற ராடார்க் கிண்ணம் ஒன்றைக் கொண்டு அதே முயற்சியில் இறங்கியிருந்த டச்சுக்காரர்கள், கருவி தீப்பற்றி எரிந்துபோன துரதிர்ஷ்டத்தால் சில வாரங்கள் பின்தங்கி, மே மாதத்தில் அதை உறுதிப்படுத்தினர். டச்சுக்காரரின் கட்டுரையும் தமது கட்டுரையும் ஒரே இதழில் சேர்ந்து வெளிவரட்டும் என்று ஹார்வர்ட் விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள் என்பதை, அறிவுலகத்தின் நற்பண்புக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் மதித்து வந்திருக்கிறேன்.

இந்த அலை வரிசையின் பெரும்பயன், வாயு இருக்குமிடத்தை மட்டுமன்றி அதன் வேகத்தையும் அது காட்டிவிடுவது. நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை சற்றுக் குறுகியும், விலகிச் செல்வதன் அலை சற்று நீண்டும் வந்து சேரும். அந்தச் சிறு மாற்றத்தை அளந்தால் வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகத்தைச் சொல்லிவிடலாம். இதற்கிடையில், 1956-இல், அமெரிக்க வானநூலார் லைமன் ஸ்பிட்சர், பால்வீதியின் தட்டுக்கு வெகு உயரத்திலும் சில வாயுத் திரள்கள் காணப்படுவதைக் கருதி, அவற்றைச் சிதறவிடாமல் அமுக்கி நிற்கும் மிக உஷ்ணமான மெல்லிய வாயுமண்டலம் ஒன்று நம் ஆகாயகங்கையைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்று கூறினார். அதே ஆண்டில் ஹாலந்தில் டிவிங்கலோ என்ற ஊரில் 25 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி நிறுவப்பட்டது. தட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள வெற்றுவெளியை அதைக் கொண்டு துழாவிய முல்லர், ஊர்ட், ரேமோன் ஆகிய மூவரும், வினாடிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்ந்துவரும் ஹைட்ரஜன் மேகங்களை 1963-இல் உலகுக்கு அறிவித்தனர். தட்டோடு சேர்ந்து சுழலும் எந்த வாயுவுக்கும் அத்தகைய வேகம் பொருந்தாது. மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து விழுந்துகொண்டிருக்கும் பொருளே இது என்று ஊர்ட் பின்னர் துணிந்து எழுதினார்.

துணிவுக்குத் தக்க ஆதாரம் கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. மேகத்தின் வேகத்தைச் சொன்ன ரேடியோ அலை அதன் தொலைவைச் சொல்லவில்லை; தொலைவு தெரியாவிடில் எடை தெரியாது; எடை தெரியாவிடில் வரத்து எவ்வளவு என்பதும் தெரியாது. அருகில் வெடித்த சூப்பர்நோவாவின் சிதறல்கள் என்று ஒரு சாராரும், நம் மண்டலத்துக்கு வெகு தொலைவில் மிதக்கும் தனிப்பொருள்கள் என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வந்தனர். வழக்கைத் தீர்த்தது ஓர் எளிய யுக்தி. தொலைவு தெரிந்த நட்சத்திரம் ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், மேகம் அதற்கு இப்பால் இருப்பின் ஒளியின் குறிப்பிட்ட நிறங்களை அது உறிஞ்சிக்கொண்ட கருங்கோடுகள் தெரியும். அப்பால் இருப்பின் தெரியமாட்டா. கோடு காட்டும் நட்சத்திரத்துக்கும் கோடு காட்டாத நட்சத்திரத்துக்கும் நடுவே மேகம் சிறைப்படுகிறது. தகுந்த இடத்தில் தகுந்த நட்சத்திரம் வாய்ப்பது அரிதாகையால் இந்த வேலை மிகவும் மெதுவாகவே நடந்தது. ஹ்யூகோ வான் வூர்டன், பார்ட் வாக்கர் முதலியோர் பல ஆண்டுகள் இதில் உழைத்ததன் பயனாக, பெருமேகங்கள் பல நமக்குச் சில பத்தாயிரம் ஒளியாண்டுத் தொலைவிலேயே, அதாவது பால்வீதியின் தட்டைச் சூழ்ந்துள்ள வெளிப்புற ஒளிவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பது நிலைநாட்டப்பட்டது.

அவற்றுள் 'சி தொகுதி' என்று பெயரிடப்பட்ட மேகம் தன் பிறப்பையும் தெளிவாகக் கூறிவிட்டது. ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவில் வடவானில் நெடுக விரிந்து கிடக்கும் அது, பல பத்து லட்சம் சூரியன்களின் எடையுள்ளது. அதன் கனமான மூலகங்களின் அளவு சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கே என்று 1999-இல் வாக்கரும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். பின்வந்த அளவைகள் அதைச் சற்று உயர்த்தினவேயொழிய மாற்றிவிடவில்லை. ஹைட்ரஜனின் கனத்த வடிவமான டியூட்டீரியம், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உண்டாகி, நட்சத்திரங்களின் உள்ளே புகுந்த மாத்திரத்தில் அழிந்துபோகும் பொருள். அது இம்மேகத்தில் ஆதி அளவுக்கு நெருங்கியே காணப்படுகிறது. ஆகவே, இந்த வாயுவில் பெரும்பகுதி எந்த நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளும் ஒருமுறையேனும் புகுந்து வெளிவராதது. லார்சன் கணக்கில் வேண்டிய புதுநீர் இதுவே.

எல்லா மேகங்களும் இத்தகைய புதியவை அல்ல என்பதை மற்றொரு மேகம் கற்பித்தது. அதன் வரலாறு என் மனத்தை மிகவும் கவர்ந்த ஒன்றாகையால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஊர்ட் குழுவினரின் அறிவிப்பு வெளிவந்த அதே 1963-இல், லெய்டனில் வானநூல் பயின்றுகொண்டிருந்த கெயில் ஸ்மித் என்னும் மாணவி, எதனோடும் இயைபில்லாமல் தனித்து நிற்கும் ஒரு ஹைட்ரஜன் மேகத்தைக் குறித்துவைத்தார். திருவோண நட்சத்திரம் உள்ள கருடக் கூட்டத்திலே, அந்நட்சத்திரத்துக்கு அதிகத் தொலைவின்றி, ஆவணி மாதத்து முன்னிரவில் நம் தலைக்கு மேலேயே அது நிற்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி அதற்கு இருந்திருந்தால் முழுநிலவின் விட்டத்தைப்போல் 30 மடங்கு வானத்தை அடைத்துக்கொண்டு தெரியும். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரு குறிப்பாகவே கிடந்தது. மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிரீன் பேங்க் என்னும் ஊரின் 100 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு ஃபீலிக்ஸ் லாக்மனும் அவருடைய தோழர்களும் அதை நுணுக்கமாகப் படம் பிடித்து, 2008-இல் வெளியிட்டபொழுதுதான் அதன் உண்மை உருவம் வெளிப்பட்டது. முகம் உருண்டு திரண்டும், பின்னே வால் நீண்டும், விழும் திசையை உருவத்திலேயே எழுதிக்கொண்டு அது வருகிறது. நீளம் ஏறத்தாழ 10,000 ஒளியாண்டு. நம்மிடமிருந்து தொலைவு 40,000 ஒளியாண்டு. எடை பத்து லட்சம் சூரியன்களுக்கும் மேல். பால்வீதியின் தட்டை நோக்கிச் சாய்வாக இறங்கிக்கொண்டிருக்கும் இந்த ஸ்மித் மேகம் இன்னும் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளில் அதில் மோதும் என்றும், அந்த மோதலில் வாயு அமுங்கிப் புதிய நட்சத்திரங்கள் பெருந்தொகையாகப் பிறக்கக்கூடும் என்றும் கணித்தார்கள்.

அது எங்கிருந்து வருகிறது? 2016-இல் ஆண்ட்ரூ ஃபாக்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு ஹப்பிள் விண்தொலைநோக்கியை மேகத்துக்கு அப்பாலுள்ள மூன்று பிரகாசமான நட்சத்திர மண்டலங்களை நோக்கித் திருப்பி, அவற்றின் புறஊதா ஒளியில் மேகத்துக் கந்தகம் பதித்த கோடுகளை அளந்தது. அந்தக் கந்தகம் சூரியனில் உள்ளதில் பாதியளவு இருந்தது. ஆதி வாயுவுக்கு அது மிகமிக அதிகம். பால்வீதித் தட்டின் வெளிவிளிம்பில் உள்ள வாயுவுக்கோ சரியாகப் பொருந்துவது. ஆகவே, இம்மேகம் அந்நிய தேசத்திலிருந்து வரும் விருந்தாளி அன்று. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இம்மண்டலத்தின் விளிம்பிலிருந்தே வெளியே எறியப்பட்டு, ஆகர்ஷண சக்தியால் மீண்டும் வீடு திரும்புவது. பத்து லட்சம் சூரியன்களின் எடையுள்ள ஒரு பொருளை அப்படித் தூக்கியெறிந்த சக்தி எது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருளாலான சிறு மண்டலம் ஒன்று தட்டை ஊடுருவிச் சென்றபோது வாயுவைத் தன்னுடன் இழுத்துச் சென்றிருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கொண்டுள்ள ஊகம். வரும் வழியில் உஷ்ண வாயு உரசி அழித்துவிடாதபடி இம்மேகத்தைக் காப்பது எது என்பதும் கேள்வி. அதனுள் வலுவான காந்தப்புலம் ஒன்று இருப்பதை 2013-இல் கண்டறிந்தது இதற்கு ஒரு பகுதி விடையாகலாம்.

இதுவரை சொன்ன மேகங்கள் யாவும் ரேடியோவில் தெரியும் அணு ஹைட்ரஜன். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், ஆண்டுதோறும் செலவாகும் அளவுக்கு வரத்து போதவில்லை என்பதே நெடுநாளாக இருந்த சங்கடம். எலெக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்ட ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலையைத் தராது. ரேடியோ தொலைநோக்கிக்கு அது இல்லாத பொருள். 2009 மே மாதத்தில் விண்வெளி வீரர்கள் ஹப்பிளில் புதிதாகப் பொருத்திய புறஊதா நிறமாலைக் கருவி இந்த மறைந்த செல்வத்தை வெளிக்கொணர்ந்தது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா லேனரும் கிறிஸ்டோபர் ஹௌக்கும், பால்வீதியின் ஒளிவட்டத்தில் தொலைவு தெரிந்த நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்து, அயனியான வாயு மேகங்கள் அந்நட்சத்திரங்களுக்கு இப்பாலேயே, நம் மண்டலத்தை ஒட்டியே நிறைந்திருக்கின்றன என்றும், அவற்றின் எடை ஏறத்தாழ 10 கோடி சூரியன்கள் என்றும், அவற்றால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஒரு சூரியனுக்கு ஈடான வாயு தட்டை வந்தடையக்கூடும் என்றும் 2011-இல் வெளியிட்டனர். செலவோடு ஒப்பிடத்தக்க வரவு முதன்முதலாகக் கையில் அகப்பட்டது.

ஆனால், தட்டிலிருந்து மேலே போகும் வாயுவுக்கும் கீழே வரும் வாயுவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டாலொழிய நிகர வரவு தெரியாது. பெரு நட்சத்திரங்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது தட்டின் வாயுவைப் பல்லாயிரம் ஒளியாண்டு உயரத்துக்கு எறிகின்றன. குளிர்ந்ததும் அது மீண்டும் பொழிகிறது. 1976-இல் ஷபீரோவும் ஃபீல்டும் இந்தச் சுழற்சியை விவரித்தார்கள். எழும்பிய வாயு சூழ்ந்துள்ள உஷ்ண மண்டலத்தோடு கலந்து அதிலும் ஒரு பகுதியைக் குளிர்வித்து, போனதைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது என்ற கருத்தும் பின்னர் வலுப்பெற்றது. இது உண்மையாயின், நட்சத்திரங்களின் மரணமே அடுத்த பிறப்புக்கு வேண்டிய புதுப்பொருளை வெளியிலிருந்து அழைத்து வருகிறது என்றாகும். இந்த விஷயத்தில் நான் படித்த செய்திகளுள் இதைவிட வியப்பூட்டியது வேறில்லை. ஹப்பிளின் பத்தாண்டுப் பதிவுகளிலிருந்து 187 மேகங்களைத் திரட்டி ஃபாக்ஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, இத்தகைய வேகமேகங்களின் வழியே ஆண்டுக்கு உள்ளே வருவது சூரிய எடையில் பாதிக்குச் சற்று மேல். வெளியே போவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இந்த அளவைகள் குவேஸார் எனப்படும் அதிதூரத்துப் பிரகாசங்களைப் பின்விளக்காகக் கொண்டவை. அவற்றின் தன்மையை முதலில் அறிந்தவரும், ஊர்ட்டின் மாணவரும், பழைய நட்சத்திரங்கள் குறைவாயிருப்பதை எடுத்துக்காட்டியவருமான மார்ட்டன் ஷ்மிட் இவ்விரண்டையும் 1963-ஆம் ஆண்டொன்றிலேயே செய்தார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெருவரத்து இனிமேல்தான் வரவிருக்கிறது. தென்வானத்து மெகெல்லன் மேகங்கள் எனப்படும் இரு சிறு மண்டலங்களும் ஒன்றையொன்று இழுத்தும் நம் மண்டலத்தால் இழுபட்டும் சிந்திய வாயு, வானத்தில் 100 பாகைக்கும் மேலாக நீரோடைபோல் நீண்டு கிடக்கிறது. மாத்யூசனும் அவருடன் பணியாற்றியோரும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் 1974-இல் இதை மெகெல்லன் மேகங்களோடு தொடர்புபடுத்தினர். அயனியான பகுதியையும் சேர்த்தால் இதன் எடை 200 கோடி சூரியன்களை எட்டும். நம் தட்டில் இன்றுள்ள மூலக்கூறு வாயுவைப்போல் அது இரு மடங்கு. இதற்கு முன்னோடியாக வரும் கிளை ஒன்றிலிருந்து பிறந்த நட்சத்திரக் கூட்டமொன்றை, கையா விண்கலத்தின் பதிவுகளிலிருந்து ஏட்ரியன் பிரைஸ்-வீலன் கண்டெடுத்தார். வயது பதினோரு கோடி ஆண்டுக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 1200 சூரியன்கள். கனமான மூலகங்கள் சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பழைய நட்சத்திரங்களே உலவும் வெறுமையான ஒளிவட்டத்தில், 90,000 ஒளியாண்டுக்கு அப்பால், இத்தனை இளைய கூட்டம் இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. விழும் வாயு நட்சத்திரமாவது இனிக் கணக்கு மட்டுமன்று. நடந்து முடிந்த சம்பவம். அக்கூட்டத்தின் தொலைவு தெரிந்தபின், அதைப் பெற்ற வாயுக்கிளையும் முன்பு எண்ணியதைவிட நமக்கு வெகு அருகில் இருப்பது தெரியவந்தது. 2021-இல் லுக்கீனி, டோன்கியா, ஃபாக்ஸ் ஆகியோர் கணிப்பொறியில் அமைத்த புதிய மாதிரியின்படி, பின்தொடரும் பெருநீரோடையின் அண்மைப் பகுதியும் 65,000 ஒளியாண்டுத் தொலைவுக்குள் வந்திருக்கிறது. அது நம் மண்டலத்தின் தட்டில் கலக்கத் தொடங்குவதற்கு இன்னும் ஐந்து கோடி ஆண்டுகளே உள்ளன.